ஐந்து பாலினம் கண்ட தீவு, இரண்டே கட்டம் போட்ட படிவம்

பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2007 அக்டோபரில் தந்த ஒரு தீர்ப்பைப் புரட்டினால், எடுத்த எடுப்பில் சட்டம் வராது. கடவுள் ஆணையும் பெண்ணையும் படைத்ததாகச் சொல்லும் ஆதியாகம வசனம் வருகிறது. அதைத் தொடர்ந்து அந்நாட்டுப் பிள்ளைகள் கேட்டு வளரும் மூங்கில் கதை. பத்தாலா என்னும் இறைவன் நட்ட மூங்கிலுக்குள்ளிருந்து, வெளியே விடும்படி கெஞ்சும் குரல்கள் கேட்கின்றன. வாடைக்காற்றான அமிகான் மூங்கிலைக் கொத்துகிறாள். மூங்கில் பிளந்து இரண்டு பேர் வருகிறார்கள்: ஆண் மலாகாஸ், பெண் மகாண்டா. இதைச் சொல்லி முடித்த பிறகே நீதிபதிகள் வழக்குக்குள் நுழைகிறார்கள்.

வழக்குத் தொடுத்தவர் மணிலாவில் வாழ்ந்த ஒரு திருநங்கை. 2001 ஜனவரியில் பாங்காக் சென்று பால்மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தித் தரும்படி கேட்டார். 2003இல் விசாரணை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. திருத்தித் தருவதால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை, அவருக்கும் அவரை மணக்கப்போகிறவருக்கும் நிம்மதிதான் என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். குழந்தை பிறந்ததும் மருத்துவரோ மருத்துவச்சியோ உறுப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் ஒருவரின் பால். அன்று எழுதியதில் பிழை இல்லையென்றால் பின்னாளில் திருத்துவதற்குச் சட்டம் இல்லை. வேண்டுமானால் நாடாளுமன்றம் இயற்றட்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 2008 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் முன் இன்னொருவர். 1981இல் பெண் என்று பதிவானவர். வளர வளர உடல் ஆணுடலாகிக்கொண்டே வந்தது. மாதவிடாய் வரவில்லை. மனதளவிலும் வாழ்விலும் தன்னை ஆணாகவே உணர்ந்தார். அவருக்கு நீதிமன்றம் பெயரையும் பாலையும் மாற்றிக்கொடுத்தது. இயற்கை தன் போக்கில் போயிருக்கிறது, அதில் அவர் தலையிடவில்லை, நாங்களும் தலையிட மாட்டோம் என்ற பொருள்பட நீதிபதிகள் எழுதினார்கள். மருந்து சாப்பிட்டு உடலைப் பெண்ணுடலாகவே வைத்துக்கொள்ள அவர் முயலவில்லை என்பதுகூட அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டாமவருக்கு இருந்தது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. கார்டிசால் என்னும் ஹார்மோன் அங்கே தயாராகிறது. அதற்கு 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். மரபணுக் குறைபாட்டால் அந்த நொதி இல்லாமல் போனாலோ குறைந்தாலோ கார்டிசால் போதாது. போதவில்லை என்று தெரிந்ததும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலை மேலும் மேலும் முடுக்குகிறது. கார்டிசால் ஆகவேண்டிய மூலப்பொருள் வழி அடைபட்டுத் தேங்கி, பக்கத்து வழியில் திரும்பி ஆண்ட்ரோஜன்களாக மாறுகிறது. கருவில் இருப்பது இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள குழந்தை என்றாலும், மிகுதியான ஆண்ட்ரோஜன் அதன் வெளியுறுப்பை ஆணுறுப்பின் சாயலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. இதன் தீவிர வடிவம் ஏறத்தாழ 15,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் நிகழ்கிறது. இப்படிப் பிறந்தவர்களில் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழ்கிறார்கள், சிலர் ஆணாக. உடல் ஒன்றைச் சொல்ல, உள்ளுணர்வு அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை.

மருத்துவச்சியின் ஒரு பார்வையில் முடிந்துவிடுவதாக நீதிமன்றம் நினைத்த காரியம் கருவில் எத்தனை படிகளில் நடக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. கரு உருவாகி ஆறாவது வாரம்வரை எல்லாக் கருவிலும் இருப்பது ஒரே மாதிரியான பாலுறுப்பு முகடு. அது விந்தகமாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு விழித்துக்கொண்டால் விந்தகம். லண்டன் ஆய்வாளர்கள் அந்த மரபணுவை 1990இல்தான் அடையாளம் கண்டார்கள். விந்தகம் ஆன பிறகு ஹார்மோன் சுரக்கவேண்டும். சுரந்த ஹார்மோனை உடல் செல்கள் உணரவேண்டும். எந்தப் படியிலும் பாதை பிரியலாம். வெளியுறுப்பு உருவாவது பெரும்பாலும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில். மூளையின்மேல் ஹார்மோன்கள் செயல்படுவது அதற்குப் பிந்திய மாதங்களில். இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடப்பதால் வெவ்வேறு திசையிலும் போகலாம் என்று டச்சு நரம்பியலாளர் டிக் ஸ்வாப் சொன்னார். இது இன்னும் கருதுகோள்தான். பாலின உணர்வுக்கு இதுதான் காரணம் என்று ஒரு மரபணுவையோ மூளையின் ஒரு மூலையையோ யாராலும் தொட்டுக்காட்ட முடியாது. தன்பாலீர்ப்பிலும் அப்படித்தான். ஏறத்தாழ 4,80,000 பேரின் மரபணுத் தரவுகளை அலசி 2019இல் வெளியான ஆய்வு, மரபணுக்களின் பங்கு உண்டு, ஆனால் ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று: பேசியோ மிரட்டியோ மருந்து கொடுத்தோ இந்த உணர்வை மாற்ற முயன்ற இடங்களில் மனிதர்கள் சிதைந்தார்கள், உணர்வு மாறவில்லை.

சுரப்பியில் நடந்தால் அது இயற்கை. உள்ளத்தில் நடந்தால் அது விருப்பம். பிலிப்பைன்ஸின் இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் கிடைக்கும் கோடு இதுதான். அறிவியலில் இப்படி ஒரு கோடு கிடையாது. உள்ளம் இருப்பதும் உடலில்தானே. ஆனாலும் 2012இல் வந்த சட்டம் அந்தக் கோட்டை இன்னும் அழுத்திப் போட்டது. பிறப்புப் பதிவில் பால் தவறாக ஏறியிருந்தால் நீதிமன்றம் போகாமலே திருத்திக்கொள்ளலாம் என்கிறது அது. கூடவே வைக்கவேண்டிய சான்று ஒன்று உண்டு: விண்ணப்பிப்பவர் பால்மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அல்லர் என்று அரசு அங்கீகரித்த மருத்துவர் எழுதித் தரவேண்டும். 2016இல் அந்நாட்டின் முதல் திருநங்கை நாடாளுமன்ற உறுப்பினரான ஜெரல்டின் ரோமன் பெயரையும் பாலையும் 1990களிலேயே சட்டப்படி மாற்றிக்கொண்டவர். அவருக்குத் திறந்த கதவு அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இல்லை.

மூங்கில் கதையை எடுத்துக்கொண்ட நீதிபதிகள் அதே தீவுகளின் இன்னொரு நினைவை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பானியர்கள் வந்து இறங்கியபோது விசாயத் தீவுகளில் நோய் தீர்க்கவும் ஆவிகளோடு பேசவும் பாபாய்லான் எனப்பட்ட பூசாரிகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணாகப் பிறந்து பெண்ணுடையில், பெண்ணாகவே வாழ்ந்து அந்தப் பணியைச் செய்தவர்களும் உண்டு. ஆசோக் என்று அவர்களுக்குப் பெயர். 16, 17ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் எழுதிவைத்த குறிப்புகளில் அவர்கள் வெறுப்போடும் வியப்போடும் வருகிறார்கள்.

பிலிப்பைன்ஸ் மட்டும் இல்லை. போர்னியோவில் இபான் மக்களிடம் மனாங் பாலி, இங்காஜு தயாக் மக்களிடம் பாசிர். பர்மாவில் நாட் தெய்வங்களின் மனைவியராகக் கருதப்படும் நாட் கடோக்கள். மாண்டலே அருகே தவுங்பியோனில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவில் இன்றும் சாமியாடுகிறவர்களில் பலர் திருநங்கைகளும் தன்பாலீர்ப்பு ஆண்களும். இவர்கள் எல்லோரையும்விட விரிவான இலக்கணம் வைத்திருந்தது இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில் வாழும் பூகிஸ் சமூகம்.

பூகிஸ் மக்கள் கடலோடிகள். கப்பல் கட்டுவதிலும் வணிகத்திலும் பேர்போனவர்கள். அவர்கள் மனிதர்களை ஐந்து வகையாகப் பார்த்தார்கள். ஒரோவானே ஆண், மக்குன்ராய் பெண். ஆணாகப் பிறந்து பெண்களின் வழியில் வாழ்கிறவர் சலபாய். பெண்ணாகப் பிறந்து ஆண்களின் வழியில் வாழ்கிறவர் சலலாய். ஐந்தாவது பிஸ்ஸு. பிஸ்ஸு என்பவர் ஆணிலிருந்து பெண்ணுக்குப் போனவரும் அல்லர், பெண்ணிலிருந்து ஆணுக்கு வந்தவரும் அல்லர். இரண்டையும் ஒன்றாகத் தன்னிடம் வைத்திருப்பவர். ஆண்களுக்குரிய குறுவாள் இடுப்பில் இருக்கும், பெண்கள் சூடும் பூ தலையில் இருக்கும். ஆண், பெண் என்று பிரிவதற்கு முந்திய முழுமையே தெய்வத்தன்மை என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பிரியாத ஒருவரால்தான் தெய்வத்தோடு பேசமுடியும். ஐந்தையும் ஐந்து பாலினம் என்று எண்ணலாமா, பிஸ்ஸு என்பது பதவிதானே என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஐந்து வகை மனிதருக்கும் அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது, ஒரு பெயர் இருந்தது.

பூகிஸ் மக்களின் காவியம் லா கலிகோ. ஏறத்தாழ 6,000 பக்கம். மகாபாரதத்தைவிட நீளம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொல்லிக் புஜியே என்ற அரசகுலப் பெண் தொகுத்து எழுதிய 12 தொகுதிகள் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருக்கின்றன. அவையே மொத்தக் கதையின் ஒரு பகுதிதான். 2011இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் காவியத்தில் மேலுலகத்திலிருந்து அரசர்கள் பூமிக்கு இறங்கும்போது பிஸ்ஸுக்களும் கூட வருகிறார்கள். பிற்காலப் புனைவாக இதை ஒதுக்கவும் முடியாது. 1544இல் அங்கே போன போர்த்துகீசிய வணிகர் அந்தோனியோ தெ பைவா கோவா ஆயருக்கு எழுதிய கடிதத்திலேயே பிஸ்ஸுக்கள் இருக்கிறார்கள். 1840இல் போன ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக், பெண்ணுடையில் ஆண்களும் ஆணுடையில் பெண்களும் இயல்பாக நடமாடுவதைக் குறித்துவைத்தார்.

செகேரி என்ற ஊரில் இன்றும் நெல் நடவுக்கு முன், பெரும்பாலும் நவம்பரில், மப்பலிலி என்னும் சடங்கு நடக்கிறது. அந்த ஊரின் புனிதப் பொருள் வாளோ கிரீடமோ இல்லை, ஒரு பழைய மரக்கலப்பை. துணியில் சுற்றி உயரத்தில் வைத்திருக்கும் கலப்பையைப் பிஸ்ஸுக்கள் பாடி எழுப்பி, இறக்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுகிறார்கள். கொட்டுச் சத்தம் ஏறும்போது ஆட்டம் தொடங்குகிறது. குறுவாளை உருவித் தொண்டைக்குழியில், உள்ளங்கையில் வைத்து உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்கிறார்கள். தெய்வம் இறங்கியிருந்தால் கத்தி தோலைக் கிழிக்காது என்பது நம்பிக்கை. அவர்கள் சுற்றி வந்து முடித்த பிறகே வயலில் ஏர் இறங்கும்.

பூகிஸ் நாட்டில் இஸ்லாம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. அதன் பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிஸ்ஸுக்கள் அரண்மனைகளில் இருந்தார்கள். பலர் முஸ்லிம்களாகவே இருந்தார்கள். ஆகவே மதம் வந்தது, மரபு போனது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அரசுகள் ஒழிந்ததும் அவர்களைத் தாங்கிய மானிய நிலங்கள் போயின. 1950களில் தொடங்கி காஹார் முசாக்கரின் இஸ்லாமிய அரசுக் கிளர்ச்சிப் படை அவர்களை வேட்டையாடியது. மனந்திருந்தச் செய்வது என்ற பெயரில் தலை மழித்தார்கள், ஆணுடை உடுத்தி வயல்வேலை செய்யச் சொன்னார்கள், புனிதப் பொருள்களை எரித்தார்கள், கடலில் எறிந்தார்கள். கொல்லப்பட்டவர்களும் உண்டு. இப்போது எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர்.

பழைய பூகிஸ் நாட்டைச் சொர்க்கமாக்கிக் காட்டினால் அது அவர்களுக்கே செய்யும் அநியாயம். சலபாய்கள் இன்றும் பூகிஸ் திருமண வீடுகளின் உயிர்நாடி. மணப்பெண்ணை அலங்கரிப்பது, பந்தல் ஜோடிப்பது, சமையலை நடத்துவது எல்லாம் அவர்கள் கையில். அதே சலபாய் தன் வீட்டில், குடும்ப மானத்தைக் கெடுத்துவிட்டதாகத் தகப்பனிடம் அடி வாங்கியிருப்பார். கல்யாண வீட்டில் இடம் உண்டு, சொந்த வீட்டில் இல்லை. தென்கிழக்கு ஆசியா முழுவதும் இதே ஏற்பாட்டைக் காணலாம். சடங்கில், மேடையில், அழகு நிலையத்தில் இடம் கொடுத்த சமூகங்கள் அவை. இடம் மனிதர்கள் மனமிரங்கிக் கொடுப்பது. மனம் மாறினால் எடுத்துக்கொள்வது. உரிமை அப்படி எடுத்துக்கொள்ள முடியாதது. இடம் இருந்ததாலேயே உரிமைக்கான கேள்வி அங்கே நெடுங்காலம் எழாமல் போனது என்று நான் நினைக்கிறேன்.

இடத்தைச் சட்டம் போட்டுப் பறித்தவர்கள் ஐரோப்பியர்கள், அவர்களிலும் முதன்மையாக ஆங்கிலேயர்கள். மெக்காலேயின் குழு வரைந்து 1860இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு கப்பலேறி மலாயா, சிங்கப்பூர், பர்மா எங்கும் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர் 1938இல் ஆண்களுக்கிடையிலான எந்த நெருக்கத்தையும் தண்டிக்கும் 377ஏ பிரிவையும் சேர்த்துக்கொண்டது. பிரெஞ்சுச் சட்டத்தின் வழிவந்த வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலோ டச்சுக்காரர்களின் இந்தோனேசியாவிலோ இப்படி எல்லோரையும் பிடிக்கும் பிரிவு இல்லை. இந்தியா 2018இல் தன் 377இன் பல்லைப் பிடுங்கிவிட்டது. மலேசியாவும் மியன்மாரும் இன்னும் வைத்திருக்கின்றன. புரூணை இன்னும் மேலே போய் 2019இல் கல்லெறிந்து கொல்லும் தண்டனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உலகம் கொதித்ததும் மரண தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறது.

சிங்கப்பூரின் கதையில் ஒரு தமிழர் வருகிறார். அந்நகரின் பூகிஸ் தெரு, அங்கே வந்திறங்கிய அதே கடலோடிகளின் பெயரைத் தாங்கியது. 1950களிலிருந்து இரவு ஏறியதும் திருநங்கைகள் அலங்கரித்துக்கொண்டு அங்கே உலாவருவார்கள். மாலுமிகளும் பயணிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். காலையில் அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. அவர்களைப் போன்ற ஒருவர் 1969இல், இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் மகப்பேற்று மருத்துவராக இருந்த ஷான் ரத்தினத்தைத் தேடி வந்தார். தன் உடலை மாற்றித் தரும்படி கேட்டார். ரத்தினத்துக்கு அதில் முன்னனுபவம் இல்லை. விரட்டிவிடவும் இல்லை. மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார், மனநல மருத்துவர்களிடம் ஆலோசித்தார், பிணவறையில் சடலங்களில் செய்து பழகினார், சுகாதார அமைச்சின் ஒப்புதலைப் பெற்றார். 1971 ஜூலை 30 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பின்னாளில் 1983இல் அந்நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையும் அவர் குழுவின் கையில்தான் பிறந்தது. ஒருவர் வந்து தன் வேதனையைச் சொன்னபோது அதை மருத்துவக் கேள்வியாக எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டு உழைத்தாரே, அந்தப் பொறுமைக்காகவே தமிழர்கள் அவரை அறிந்திருக்கவேண்டும்.

1973இல் சிங்கப்பூர் அரசு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. அதே ஆண்டு, சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய விவியன் ருபியாண்டியை ஜகார்த்தா நீதிமன்றம் பெண்ணென ஏற்றது. இப்படி மாறியவர்கள் மணம் செய்துகொள்ளலாம் என்று 1996இல் சிங்கப்பூர் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் 377ஏ பிரிவு 2023 ஜனவரிவரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒரு கட்டத்திலிருந்து மற்றக் கட்டத்துக்குக் கத்தியின் வழியாக முழுதாகத் தாண்டி வருகிறவரை அந்த அரசால் ஏற்க முடிந்தது. கட்டங்களையே கேள்வி கேட்கிறவரைத்தான் ஏற்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு வசதியில்லாதவர், உடல் தாங்காதவர், அது தேவையில்லை என்று நினைப்பவர் எல்லாம் பழைய கட்டத்திலேயே நிற்கவேண்டும்.

மலேசியாவில் அந்தக் கட்டம் எண்ணுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. மலேசியத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இந்தோனேசியாவின் 16 இலக்க எண்ணில் இன்னொரு விதம். பெண்ணாக இருந்தால் பிறந்த தேதியோடு 40 கூட்டி எழுதுவார்கள். ஐந்தாம் தேதி பிறந்த பெண்ணுக்கு 45. வேலை நேர்காணல், வங்கி, மருத்துவமனைப் பதிவு, வாடகை வீடு, காவல் சோதனை எங்கே எண்ணைக் கொடுத்தாலும், எதிரே நிற்கும் புடவையையோ பாஜு குருங்கையோ எண் பொய்யாக்கிவிடும். முஸ்லிம் அல்லாத மலேசியத் தமிழ்த் திருநங்கைகளை ஷரியா சட்டம் தொடுவதில்லை. அந்தக் கடைசி இலக்கம் அவர்களையும் விடுவதில்லை.

முஸ்லிம் திருநங்கைகளுக்கு அதோடு சேர்த்துச் சிறையும் உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் 1992ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டம் 66ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பெண்ணுடை உடுத்திப் பெண்ணாக நடக்கும் ஆணுக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். சாப்பிடக் கடைக்குப் போனாலும் பிடிக்கலாம். மூன்று திருநங்கைகள் இதை எதிர்த்தார்கள். தங்கள் நிலை மருத்துவம் அறிந்த ஒன்று என்று சான்று காட்டினார்கள். 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டம் அவர்களை ஒவ்வொரு நாளும் வீட்டு வாசல் தாண்டும்போதே குற்றவாளியாக்குகிறது, இது அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவிட்டது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. சட்டம் சரி என்று அது சொல்லவில்லை. வழக்கைத் தொடங்கிய முறை சரியில்லை என்றது. ஓராண்டுகூட நிலைக்காத வெற்றி. இதே போன்ற சட்டத்தில் ஆண்கள் சிறையில் அடைபட்டு, அங்கே அனுபவித்த கொடுமையிலிருந்து செயற்பாட்டாளராக எழுந்தவர் நிஷா ஆயுப். 2016இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான பன்னாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. எந்த நாட்டின் அட்டையில் அவர் பெண் இல்லையோ அந்த நாட்டிலிருந்து பெண்ணாகப் போய் வாங்கிவந்தார்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2008இல் திருநங்கைகளுக்காகவே ஒரு இஸ்லாமியப் பாடசாலை தொடங்கியது. பள்ளிவாசலுக்குப் போனால் ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்ற கேள்வியிலேயே தொழுகை முடிந்துவிடும் மனிதர்கள் அவர்கள். இங்கே சாரோங் உடுத்தி ஆண்களோடு நிற்பதும், முக்கெனா என்ற வெள்ளை அங்கி போர்த்திப் பெண்களோடு நிற்பதும் அவரவர் விருப்பம். நெடுங்காலம் அதை நடத்திய ஷிந்தா ராத்ரி குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களை வரவழைத்தார். 2016 பிப்ரவரியில் ஒரு தீவிரவாதக் குழுவின் மிரட்டலுக்குப் பிறகு பாடசாலையை மூடவைத்தார்கள். அவர்கள் கலைந்து போய்விடவில்லை. சில மாதங்களில் மறுபடி கூடினார்கள். அதே நாட்டின் ஆச்சே மாகாணத்தில் நிலைமை இன்னும் கொடிது. 2018 ஜனவரியில் வட ஆச்சே போலீசார் அழகு நிலையங்களில் புகுந்து 12 திருநங்கைகளைப் பிடித்து, முடியை வெட்டி, ஆண் குரலில் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். பூகிஸ் நாட்டில் காஹாரின் படை செய்ததை இங்கே சீருடை போட்ட அரசு செய்தது.

கொரோனா காலத்தில் இன்னொன்று வெளியே வந்தது. வீட்டைவிட்டு இளவயதிலேயே துரத்தப்பட்ட திருநங்கைகள் பலரிடம் குடும்ப அட்டையோ அடையாள அட்டையோ கிடையாது. அட்டை இல்லையென்றால் நிவாரணம் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 2021இல் இந்தோனேசிய அரசு அவர்களைத் தேடி அட்டை கொடுக்கத் தொடங்கியது. நீதிமன்ற ஆணை இல்லாதவரை பிறந்தபோது எழுதிய பாலே அதில் இருக்கும். ஆனாலும் பலருக்கு அது வாழ்வில் முதல் முறையாகக் கையில் வந்த அட்டை.

அட்டையில் ஓர் இலக்கம் இவ்வளவு செய்யுமா என்று தோன்றலாம். அட்ரினல் சுரப்பிதான் இதற்கும் பதில் சொல்கிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அதே சுரப்பி கார்டிசாலை அவிழ்த்துவிடுகிறது. ஓடித் தப்பியபின் அளவு இறங்கிவிடவேண்டும். ஒவ்வொரு கழிப்பறை வாசலிலும், ஒவ்வொரு வரிசையிலும் பெயர் கூப்பிடப்படும்போதும் அவமானத்தை எதிர்பார்த்து நிற்கும் உடலில் அந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, மனச்சோர்வு பிடிக்கிறது. சிறுபான்மையினரின் மன அழுத்தம் என்று உளவியலாளர் இலான் மேயர் 2003இல் இதற்கு விரிவான விளக்கம் கொடுத்தார். தன்பாலீர்ப்பாளர்களிடையே மனநோய் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் இயல்பில் இல்லை, அவர்களைச் சூழ்ந்த பகைமையில் இருக்கிறது என்று காட்டினார். திருநர்களுக்கும் இது பொருந்துவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பாலின முரண்பாடு மனநோய்களின் அத்தியாயத்தைவிட்டே வெளியேறிவிட்டது. சிகிச்சையும் காப்பீடும் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பாலியல் நலன் அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் அந்தப் பழைய அத்தியாயம் எத்தனை பேரின் வாழ்வைத் தின்றது என்பதற்கு ஒரு காகிதம் சாட்சி. ஏப்ரல் வந்தால் 21 வயது ஆண்கள் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில் சீட்டு எடுக்கவேண்டும். சிவப்புச் சீட்டு வந்தால் படை, கறுப்பு வந்தால் வீடு. அட்டையில் ஆண் என்று இருப்பதால் திருநங்கைகளும் நீண்ட கூந்தலோடு அந்த வரிசையில் வந்து உட்காரவேண்டும். மருத்துவர் ஒதுக்குப்புறத்தில் பரிசோதித்து விலக்குக் கொடுப்பார். அந்த விலக்குச் சான்றில் பல ஆண்டுகள் எழுதி வந்த காரணம், நிரந்தர மனநோய். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமெல்லாம் அந்தச் சான்றைக் காட்டவேண்டும். பட்டம் பெற்றவர்கள்கூடக் காகிதத்தைக் காட்டியதும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருவர் நிர்வாக நீதிமன்றம் போனார். 2011இல் அந்த வாசகம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பாலின நிலை பிறந்த பாலோடு பொருந்தவில்லை என்று இப்போது எழுதுகிறார்கள்.

உலகத்தின் கண்ணில் தாய்லாந்து திருநங்கைகளின் நாடு. அழகிப் போட்டி, அறுவை சிகிச்சை, மேடை ஆட்டம் எல்லாம் அங்கே உண்டு. 2024இல் திருமணச் சமத்துவச் சட்டம் கீழவையில் 400க்கு 10 என்ற வாக்கிலும் மேலவையில் 130க்கு 4 என்ற வாக்கிலும் நிறைவேறியது. தென்கிழக்கு ஆசியாவில் இதுவே முதல். 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தபோது முதல் நாளிலேயே ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட இணையர் பதிவு செய்தார்கள். கணவன், மனைவி என்று சட்டத்தில் இருந்த இடமெல்லாம் வாழ்க்கைத்துணை என்று ஆகிவிட்டது. இனி ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் சிகிச்சைக்கு மற்றவர் கையெழுத்துப் போடலாம், சொத்து போய்ச் சேரும், பிள்ளையைத் தத்தெடுக்கலாம்.

அன்று ஓர் ஆணை மணந்த திருநங்கையும் அந்த வரிசையில் இருந்தார். அவருடைய மணச்சான்றிதழில் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி ஆண்களுக்குரியது. பாலின அங்கீகாரத்துக்காக வந்த மசோதாவை 2024 பிப்ரவரியில் தாய்லாந்து கீழவை நிராகரித்துவிட்டது. யாரை மணக்கலாம் என்பதில் அரசு விலகி நிற்கச் சம்மதித்தது. தான் யார் என்று ஒருவர் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னும் சம்மதிக்கவில்லை. மருத்துவர் சான்று, நீதிபதி ஆணை, அறுவை சிகிச்சை எதுவும் வேண்டாம், சொந்த வாக்குமூலமே போதும் என்று அர்ஜென்டினா 2012இலேயே சட்டம் இயற்றியிருக்கிறது. பாங்காக் செயற்பாட்டாளர்கள் தங்கள் வரைவை மறுபடி எழுதி, அதே அவைக்கு எடுத்துச் செல்ல ஆதரவு திரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.